காலியாக விட்ட எடைக் கட்டம்

1. இரண்டாவது முறை

அந்தக் குழந்தையின் தொண்டையிலிருந்து மூச்சு டியூபை இரண்டாம் முறை எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு. பத்தே முக்காலுக்குத் திரும்பப் போட்டோம். இரண்டு நேரமும் என் நோட்டுப்புத்தகத்தில் இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனை; குறைமாதக் குழந்தைகள் வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். பிறந்தபோது அவன் எடை ஆயிரத்து நாற்பது கிராம். வெண்டிலேட்டர் அவனுக்கு நிமிடத்துக்கு முப்பது மூச்சு கொடுத்தது. அந்த ரேட்டை இருபத்தைந்து, இருபது என்று நாள் கணக்கில் குறைப்போம். குறைத்த மூச்சை அவனே விட்டு நிரப்ப வேண்டும். பத்துக்கு வந்து, ரத்தத்தில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் பார்க்கும் பிளட் கேஸும் சரியாக இருந்தால் டியூபை எடுப்போம். இரண்டு முறையும் பிளட் கேஸ் சரியாகவே இருந்தது. ஆனால் எடுத்த ஒரு மணி நேரத்தில் நெஞ்சு உள்ளே இழுத்தது, உதடு நீலமானது.

"இன்னொரு வாட்டி தோத்தா ரொம்ப நாள் மெஷின்லதான். நுரையீரல் கெட்டுப் போயிரும்," என்றார் டாக்டர் நடேசன்.

அவனுடைய அப்பா முனியாண்டி, பைராம் தோட்டத்துத் தொழிலாளி. மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி வருவார். அன்றும் வந்தார். நர்ஸ் என்றால் அவருக்கு மிசி.

"மிசி, பேரு வெச்சிரலாமா? மெஷின விட்டு வரட்டும்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். அவ தெனம் கேக்குறா."

"கொஞ்சம் பொறுங்க அண்ணே. இன்னிக்கும் முடியல."

கண்ணாடி வழியே குழந்தையைப் பார்த்தார். பிறகு, "எத்தன மணிக்கு எடுத்தீங்க?" என்றார்.

"ஒன்பதரைக்கு."

"எனக்கே கோப்பி குடிச்சு பத்து மணியானாதான் கண்ணு தெறக்கும். எம் புள்ளய காலங்காத்தால எழுப்பி ஓடுன்னா ஓடுவானா லா?"

2. என் டைம்டேபிள்

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் நோட்டைத் திறந்து, தோற்ற இரண்டு காலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஏழரைக்கு விரிப்பு மாற்றல். ஏழே முக்காலுக்கு மெஷினிலிருந்து கழற்றித் தராசில் எடை. எட்டுக்கு சளி உறிஞ்சல். எட்டேகாலுக்குக் குதிகாலில் குத்தி ரத்தம். எட்டே முக்காலுக்கு எக்ஸ்ரே. ஒன்பது மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். அந்த டைம்டேபிளை எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான்தான். வார்டிலேயே ஒழுங்கான வேலை என்று அதற்குப் பெயர்.

களைக்கும்வரை தொட்டுவிட்டு, பிறகு தனியாக மூச்சு விடச் சொல்லியிருக்கிறோம்.

மறுநாள் டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். "தப்பு என் டைம்டேபிள்ல இருக்கு, டாக்டர். அடுத்த தடவ காலையில யாரும் தொட வேணாம். மத்தியானம் எடுப்போம்."

"எடை இல்லாம மருந்து எப்படிப் போடுறது?"

"முந்தின நாள் எடை இருக்குமே."

அவர் சிரித்தார். "சரசு, நீ எழுதுனத நீயே மீறப் போறியா? இத நான் எழுதி வெச்சுக்கணும் லா."

எட்டு நாள் கழித்து ரேட் மறுபடி பத்துக்கு வந்தது. அன்று காலை இன்குபேட்டர் மேல் 'தொடாதே' என்று மலாயில் எழுதி ஒட்டினேன். விரிப்பில் பால் கறை இருந்தது. இரண்டு முறை என் கை போய்த் திரும்பியது. ரத்தம் மட்டும், ஒரே குத்தில், பதினொரு மணிக்கு. இரண்டு மணிக்கு டியூபை எடுத்து, மூக்கில் ஆக்சிஜன் வைத்தோம்.

மூன்று மணிக்கு மூச்சு நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு. மூன்றேகாலுக்கு மூச்சு நின்றது. மூச்சைத் தூண்டப் பாதத்தைச் சுண்டுவோம்; விரலைக் கொண்டுபோனேன். பன்னிரண்டு விநாடி. நான் தொடுமுன் அவனே மூச்சை இழுத்தான். அதன்பின் நிற்கவில்லை.

மறுநாள் முனியாண்டி வந்தபோது, "பேரு வைங்க அண்ணே," என்றேன்.  என் பேனாவை வாங்கி, 'முனியாண்டியின் ஆண் குழந்தை' என்றிருந்த அட்டையில் 'கதிரவன்' என்று எழுதினார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டியூப் எடுக்குமுன் பிளட் கேஸைப் பாருங்கள். அதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் அந்தக் குழந்தையை எத்தனை கைகள் தொட்டன என்பதையும் பாருங்கள். என் நோட்டில் அந்த மூன்றாம் முறையின் தேதிக்கு எடைக் கட்டம் காலியாக இருக்கிறது. மறந்துபோய் விட்டதல்ல.