எஞ்சின் தெரியாத படம்

போன மாதம் பேத்தி அவளுடைய போனில் என்னைப் படம் எடுத்துக் காட்டினாள். முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்னால் இருந்த ஆட்டுக்கொட்டகை மட்டும் புகை மாதிரி கலங்கிக் கிடந்தது.

"பின்னாடி எல்லாம் கலங்கிப்போச்சேத்தா" என்றேன்.

"வேணும்னுதான் அப்பத்தா அப்படி எடுக்குறது" என்றாள்.

அந்தச் சொல் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மாமாவின் நினைவுதான் காரணம்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. அருப்புக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அக்காவுக்குப் பாலவனத்தத்தில் ஒரு இடம் தோதாக வந்தது. பெண்ணின் படம் வேண்டும் என்று தரகரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். மாமா முதலாளியிடம் கேட்டு ஒரு நாளைக்குக் கேமராவை வாங்கிக்கொண்டு, திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கினார்.

பக்கத்துக் காட்டுக்காரர் அப்போது தன் கிணற்றில் புது ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். எங்களுடையது மழையை நம்பிய பருத்திக்காடு. அக்காவை அந்த எஞ்சினுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார் அப்பா.

"அது நம்ம எஞ்சின் இல்லையே மச்சான்" என்றார் மாமா.

"நம்மதுன்னு நான் சொன்னேனா? நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். படம் பாட்டுக்குச் சொல்லிக்கிடட்டும்."

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. மாமா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, பேச்சை விட்டுவிட்டார்.

எஞ்சின்காரர் டவுனுக்குப் போயிருந்தார். அவர் பஸ்ஸில் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று அப்பா பறந்தார். மாமாவோ, வெயில் தாழட்டும் என்று கருவேல நிழலில் உட்கார்ந்துவிட்டார். தாழ்ந்த பிறகும், அக்காவை எஞ்சினைவிட்டு முன்னால் வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு மாட்டுவண்டி திரும்பலாம், அவ்வளவு தூரம்.

"என்ன மாப்ள, நடத்தியே பாலவனத்தத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவ போலருக்கே!"

"கிட்ட வந்தாத்தான் மச்சான் முகம் லச்சணமா விழும். எஞ்சின் எங்கயும் ஓடிப்போகாது, கவலப்படாதீக."

எனக்கும் ஒரு வேலை இருந்தது. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கேமராவிலிருந்து அக்கா முகம்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். முடிச்சை எண்ணித்தான் மாமா லென்சைத் திருகினார். நான் மூக்கு நுனியில் பிடித்தேன்.

"மூக்குக்கு இல்ல தாயி, கண்ணுக்குப் பிடி. இன்னைக்கு நாலு விரல் மாறினாலும் போச்சு."

பிறகு லென்சுக்குள் என்னைப் பார்க்கவிட்டு ஒரு வளையத்தைத் திருகினார். சுருக்குப்பையின் வாய் விரிவது போல, உள்ளே இருந்த சின்ன ஓட்டை பெரிதாக விரிந்தது. "இது விரிஞ்சா முகம் மட்டுந்தான் தெளிவா விழும் தாயி" என்றார்.

பத்து நாளில் மாமா படத்தைக் கொண்டுவந்தார். அக்காவின் கண்ணிமை மயிரை எண்ணலாம், அத்தனை தெளிவு. எஞ்சின் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. படுத்திருக்கிற எருமை என்றாலும் நம்பலாம்.

"எஞ்சின எங்கடா?" என்று அப்பா கத்தினார்.

"அவுக பொண்ணத்தான கேட்டாக, எஞ்சினையா கேட்டாக?" என்றாள் அம்மா, மாவு சலித்தபடி.

எனக்குத்தான் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

"மாமாதாம்ப்பா ஓட்டையப் பெருசாத் தொறந்துவிட்டாக. நான் பாத்தேன்."

மாமா என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "ஆமா மச்சான், கை தவறிருச்சு" என்று தலையைச் சொறிந்தார்.

"ஏலே, ஒனக்கு எவன் வேல குடுத்தான்? நீ எடுத்தா எம்மூஞ்சியும் எருமையாத்தான் தெரியும்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது. வேறு படம் எடுக்க நேரமில்லை, தரகர் வந்து காத்திருந்தார். அந்தப் படமே போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்து பருத்திக்காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார்கள். எஞ்சினைப் பற்றி அவர்கள் கேட்க எதுவுமில்லை. கல்யாணத்துக்கு அப்பா வேறு படக்காரரைக் கூட்டிவந்தார். மாமா பந்தியில் சாம்பார் வாளி தூக்கினார்.

எனக்குக் கல்யாணம் நடந்தபோது மாமா பிழைப்புக்காக வெளியூர் போயிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை எட்டுவரை படித்தவள் என்று அப்பா சொல்லியிருந்தார். நரிக்குடிப் பக்கம் வாழப்போன மூன்றாம் நாள், மாமியார் ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் பாதி இங்கிலீஷ். கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எட்டாப்புக்கு வாசிக்க வரலையாம்டா" என்று மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து சாகும்வரை அவருக்கு நான் எட்டாப்புத்தான். எட்டாப்பு தண்ணி கொண்டா, எட்டாப்பு ஆட்டைக் கட்டு.

முப்பது வருஷம் அந்தப் பேருக்கு ஓடிப்போய் நின்றவள், மாமாவின் கை அன்று தவறவே இல்லை என்பதை மட்டும் பேத்தி சொல்லும்வரை யோசித்துப் பார்க்கவில்லை. அக்காவைப் பாலவனத்தத்தில் கடைசிவரை அவள் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.