மண் பரிசோதனைக்கு நான் எழுதிக் கொடுத்த தகவல்

எங்கள் மாதா கோயில் வளாகத்தில் மண்டபம் கட்டப் போகிறார்கள். பங்கு மக்களில் சிவில் இன்ஜினியரிங் படித்தவன் என்று நான்தான் அகப்பட்டேன். மண் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குத் தகவல் தயார் செய்து கொடுக்கச் சொன்னார் பங்குச் சாமியார். எத்தனை மாடி, தூண்களில் எவ்வளவு பாரம் இறங்கும், பழைய கிணறு ஏதும் தூர்த்திருக்கிறதா, எங்கெங்கே துளை போட வேண்டும் என்றெல்லாம் சொன்னால்தான் அவர்கள் இயந்திரத்தோடு வருவார்கள். எனக்குப் பிடித்த வேலை. உற்சாகமாக உட்கார்ந்து வரைபடத்தோடு முடித்தேன்.

'தற்போது அங்கே இருப்பவை' என்ற கட்டத்தில், 'தற்காலிகக் குடியிருப்பு ஒன்று, அகற்றப்படும்' என்று எழுதினேன். கோயிலைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவின் வீடு அது. புருஷனுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பங்கு கொடுத்த இடத்தில் ஓடு போட்டுப் பல வருஷமாக இருக்கிறார்கள். நான் மைன்ஸ் கம்பெனி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற டவுன்ஷிப் இது; எங்களுக்கு எல்லா வீடுமே தற்காலிகம்தான். அதனால் எழுதும்போது கை தயங்கவே இல்லை. அவர்களிடம் சொல்லியாச்சா என்று நான் கேட்டதற்கு, "ஈஸ்டர் முடியட்டும், நானே பக்குவமா சொல்றேன்" என்றார் சாமியார். நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

துளை போடும் வண்டி வந்த காலையில் அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். நான் குறித்த துளைகளில் ஒன்று அவர் சமையலறைக்குப் பின்னால். எங்கள் பக்கம் இப்படி ஒரு வண்டி வந்து நின்றால் தண்ணீருக்கு போர் போடுகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மெழுகுவத்தி ஏற்றி வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, வேலையாட்களுக்கு டீ கொண்டுவந்தார்.

"கொழாயடியில கொடத்த வச்சிகினு நிக்கிறதே பொழப்பா போச்சுங்க சார். சாமியார் மனசு வச்சிட்டாரு."

இது மண் எடுத்துப் பார்க்கத்தான், தண்ணிக்கு இல்லைம்மா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், எதுக்கு என்று கேட்பார். டீயை வாங்கிக் குடித்தேன்.

மதியம், பரிசோதனைக் கணக்குக்காகத் துளைக்குள் அளவு நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்த்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டு அந்த அம்மா என் பக்கம் வந்தார்.

"தண்ணி வந்துடுச்சுங்களா சார்? அப்ப வூட்டுக்குப் பின்னால நாலு வாழக்கன்னு வைக்கலாங்களா?"

விஷயம் தெரிந்த வேலையாட்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வைங்கம்மா" என்றேன்.