காப்பாற்றியவர் சிரித்துவிட்டார்

போன வாரம் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். இந்த வாரம் வேறு எதையோ எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சால்வை எதிர் நாற்காலியில் மடித்தபடி கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

டெல்லியில் டி.வி. வைத்திருக்கும் வாசகர்கள் சிலர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். யமுனை வெள்ளத்தைப் பற்றிய டாக்குமெண்டரி. குடிசைக் கூரை மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் தண்ணீர். ஒரு படகு நெருங்கி வருகிறது. ரெயின்கோட் போட்ட, முன்வழுக்கை விழுந்த ஒரு மனிதர் படகில் எழுந்து நின்று கையை நீட்டுகிறார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறி அழுகிறாள்...

அந்த ரெயின்கோட் ஆசாமி நான்தான்.

ஆனால், அவளைக் காப்பாற்றியது நான் இல்லை!

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் கன்னா என்று ஒருவர் இருக்கிறார். சொந்தமாக டாக்குமெண்டரி எடுப்பவர். வெள்ளம் வந்த அன்று காலையில் ஜீப்போடு வந்து வாசலில் ஹாரன் அடித்தார். ஆற்றங்கரைக் குடிசைகளில் இருப்பவர்கள் மதராஸிகளாம். அவர்களோடு பேச ஆள் வேண்டுமாம்.

"ஜல்தி, ஜல்தி!" என்றார்.

தட்டில் இருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். சேவை மனப்பான்மை என்று நினைக்கிறீர்களா? ஜீப்பில் கேமரா இருந்தது. அதுதான் காரணம்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மழை விட்டிருந்தது. கரை மேட்டில் ஜனங்கள் பானை, கயிற்றுக் கட்டில், தகரப் பெட்டிகளோடு ஈரத் துணியில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னா ஜீப்பை விட்டு இறங்கி நாலு பக்கமும் பார்த்தார்.

"எல்லாரையும் வெளியே கொண்டுவந்தாச்சா?" என்று ஹிந்தியில் கேட்டார். ரயிலைத் தவறவிட்டவர் கேட்பது போல இருந்தது அந்தக் குரல்.

ஆமாம், கொண்டுவந்தாயிற்று. கொண்டுவந்தவர் பெயர் ராம்தீன். கோடையில் ஆற்று மணலில் வெள்ளரி போடுவார், தண்ணீர் வந்தால் படகு ஓட்டுவார். விடிந்ததும் விடியாததுமாகப் படகை எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய் ஆட்களை ஏற்றி வந்திருக்கிறார். கடைசியாக மீட்டது பச்சையம்மாவை. விழுப்புரம் பக்கத்துப் பெண். கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறவள். புருஷன் வேலைக்காக ஃபரிதாபாத்தில் இருந்தான். கூரையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தவளை, ராம்தீன் குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டிருக்கிறார்.

"எப்படிம்மா வந்தது வெள்ளம்?" என்று கேட்டேன்.

"சத்தமே போடலை சார். பாயி நனைஞ்ச மாதிரி இருந்துச்சு. எழுந்து பாத்தா அடுப்பு மெதக்குது."

கன்னாவுக்கு இது போதவில்லை. கரையோரமாக ஒரு குடிசை இருந்தது. அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர். "அந்தம்மாவை அந்தக் கூரை மேல் ஏறி உட்காரச் சொல்லுங்கள். படகு வந்து மீட்கட்டும். ஒரே ஒரு ஷாட்" என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும் இல்லையா? "உயிர் பிழைத்து வந்து இன்னும் தலைகூடத் துவட்டவில்லை, விடுங்கள்" என்று ஒரு வார்த்தை... சொல்லவில்லை. மொழிபெயர்த்தேன். நல்ல தமிழில், மரியாதையாக.

பச்சையம்மா என்னையே பார்த்தாள். "அதான் வந்துட்டேனே சார். மறுபடி எதுக்கு?"

"படத்துக்காகம்மா. எல்லாரும் பார்த்தா உதவி வரும்."

உதவி வரும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டதுதான். அவள் ஏறினாள்.

முதல் டேக்கில் படகோடு போனவர் ராம்தீன்தான். ஆனால் மனிதர் கேமராவைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்துவிட்டார். விடியற்காலையிலிருந்து இத்தனை பேரைக் கரை சேர்த்த சந்தோஷம். போதாததற்கு எதிரே கேமரா. சிரிக்காமல் என்ன செய்வார்?

"கட்! இது வெள்ளமா, கல்யாணமா?" என்று கன்னா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏறுங்க. உங்க முகத்துலதான் எப்பவும் ஒரு கவலை இருக்கு."

செகரட்டேரியட்டில் இத்தனை வருஷம் ஃபைல் பார்த்ததற்கு முதல் பாராட்டு! ஏறிவிட்டேன். ராம்தீனைப் படகுக்குப் பின்னால் குனிந்து தள்ளச் சொன்னார்கள். நான் பச்சையம்மாவுக்குக் கடைசியாக ஒரு யோசனையும் சொன்னேன்.

"கேமரா ஓடும்போது ராம்தீனைப் பார்க்காதீங்கம்மா. நான்தான் காப்பாத்தறேன்னு வெச்சுக்கோங்க."

"பொய்யாவா சார்?"

"பொய் இல்லை... சினிமா மாதிரி."

படகு போயிற்று. கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்தாள். நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் அடிவயிற்றிலிருந்து ஓர் அழுகை வந்தது பாருங்கள்... கூரை மேல் உட்கார்ந்தால் அவளுடைய குடிசை இருந்த இடம் தெரிகிறது. அங்கே தண்ணீர்தான் இருந்தது. குடிசை இல்லை.

"பியூட்டிஃபுல்!" என்றார் கன்னா.

எனக்கும் அந்த நிமிஷத்தில், ஷாட் நன்றாக வந்துவிட்டதே என்றுதான் தோன்றியது. எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

படம் டி.வி.யில் வந்த மாலை எங்கள் வீட்டு ஹாலில் உட்கார இடமில்லை. பக்கத்து பிளாக் சர்மா, மேல்வீட்டுக்காரர்கள், அவர்கள் வீட்டு விருந்தாளிகள் எல்லாரும் ஆஜர். கன்னா எங்கிருந்தோ சமுத்திர அலை ஓசையைப் பிடித்துப் படத்தில் சேர்த்திருந்தார். சத்தமே போடாமல் வந்த வெள்ளம் எங்கள் ஹாலில் உறுமியது. நான் கையை நீட்டும் இடம் வந்ததும் சர்மா எழுந்து நின்று கை தட்டினார்.

எல்லாரும் போன பிறகு மனைவி கேட்டாள். "யமுனைல ஏதுங்க இவ்வளவு அலை?"

சொல்லிவிட்டேன். அலையைப் பற்றித் தொடங்கி, எல்லாவற்றையும்.

"அப்ப அந்த ராம்தீன் எங்கே? படத்துல காணோமே?"

"அவர் சிரிச்சுட்டாரு."

"உயிரைக் காப்பாத்தினவர் சிரிக்காம அழுவாரா?"

நாற்காலிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

மறுநாள் ஆபீஸில் மேலதிகாரி எழுந்து வந்து கை குலுக்கினார். "சொல்லவே இல்லையே!" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வெட்கத்துக்கும் அடக்கத்துக்கும் முகத்தில் வித்தியாசம் தெரிவதில்லை. எத்தனை பேர் இதை வைத்துப் பிழைக்கிறார்களோ!

அப்புறம்தான் அந்தப் பாராட்டுக் கூட்டம். கரோல் பாகில் தமிழ் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். "மேடையிலயே உண்மையைச் சொல்லிடுங்க" என்று மனைவி சொல்லி அனுப்பினாள். சொல்லத்தான் போனேன். பஸ்ஸில் மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

சால்வை போர்த்தினார்கள். மைக் என் பக்கம் வருவதற்குள் செயலாளர் குறுக்கே புகுந்தார். "இப்போது உங்களுக்கு ஓர் ஆச்சரியம்!"

பக்கவாட்டுக் கதவு வழியாகப் பச்சையம்மாவை அழைத்து வந்தார்கள். மந்திர் மார்க் பக்கத்தில் வெள்ள அகதிகளைத் தங்கவைத்திருந்த இடத்தில் தேடிப் பிடித்திருக்கிறார்கள். யாரோ கொடுத்த புதுப் புடவை. கீழே போட்டோக்காரர் தயாராக நின்றார். பளிச் பளிச் என்று வெளிச்சம் அடித்தது.

"சொல்லுங்கம்மா, யார் உங்களைக் காப்பாத்தினாங்க?"

அவள் மைக்கைப் பார்த்தாள், போட்டோக்காரரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தயங்கவே இல்லை.

"இந்த சார்தான்" என்றாள்.

கைதட்டலில் கூரை பறந்தது.

இப்போது நான் எழுந்து "இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும்? அத்தனை பேர் நடுவில் பொய்க்காரி ஆகப்போவது அவள்தான். இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்தது எனக்கு. அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தேன். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "நீங்கதானே சார் சொன்னீங்க? கேமரா இருந்தா அப்பிடித்தான் சொல்லணும்னு."

பஸ் வந்தது. அவள் ஏறப்போனவள் திரும்பி, "உதவி வரும்னீங்களே சார், எப்ப வரும்?" என்று கேட்டாள்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த நாள் லீவு போட்டேன். பச்சையம்மாவைக் கூட்டிக்கொண்டு, வெள்ள நிவாரணம் தருகிற ஆபீஸில் நானே நின்று அவளுடைய பெயரைப் பதிய வைத்தேன். செங்கல் சுமக்கிற பெண்ணுக்கு ஹிந்தியில் மனுப் போட ஆள் இல்லை, அவ்வளவுதான். முதல் நாளே செய்திருக்கக்கூடிய வேலை. அப்புறம் இரண்டு பேருமாக ஆற்றங்கரைக்குப் போனோம். சால்வையைக் கொண்டுபோகவில்லை. மேடையில் தப்பாகப் போர்த்தியதைச் சேற்றங்கரையில் மாற்றிப் போர்த்தினால் சரியாகிவிடுமா என்ன?

ராம்தீன் படகைக் கவிழ்த்துப் போட்டு, தார் காய்ச்சி ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். டி.வி., கைதட்டல், கூட்டம், மேடையில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது வரை. அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு நீங்க தண்ணியில இறங்கினீங்களா பாபுஜி?"

"இல்லை."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அச்சா!" என்றார். "நல்லவேளை. இறங்கியிருந்தா நான் இன்னொரு ஆளையும் இழுத்துட்டு வந்திருக்கணும்!"

பச்சையம்மாவுக்கு அந்த அளவு ஹிந்தி புரியும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராம்தீன் மறுபடி தார்ச் சட்டி பக்கம் திரும்பிவிட்டார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மன்னிக்கிற அளவுக்குக்கூட அவர் என்னைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை!