தலைகீழாக முளைத்த முடி

தின்னர் வாடை. புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் இரும்புக் கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறார்கள். மூன்றாம் மாடி வரை ஏறி வந்து மூக்கைப் பிடித்து இழுக்கிறது. மற்ற வீடுகளில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நான் பால்கனியில் நின்று முகர்ந்துகொண்டிருக்கிறேன். லேபில் புழங்கும் ஸைலீனுக்கும் ஏறக்குறைய இதே வாடைதான். இதோடு உருகிய மெழுகின் கொழுத்த மணத்தைச் சேர்த்தால் போதும், பிம்ப்ரியில் நான் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்த அறை அப்படியே வந்துவிடும்.

ஆராய்ச்சிக்காரர்களுக்குத் திசு சீவிக் கொடுப்பது எங்கள் தொழில். எலியின் ஈரலோ தோலோ, ஃபார்மலினில் ஊறிய ஒரு துண்டை டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார்கள். அதிலுள்ள தண்ணீரை வாங்கிவிட்டு மெழுகை ஏற்றுவோம். மெழுகுக் கட்டியாக, எங்கள் பேச்சில் பிளாக்காக, இறுகியதும், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, படம் பிடித்து, இன்னது தெரிகிறது என்று அறிக்கையும் கொடுப்போம். வரவேற்பறையில் கிடந்த விளம்பரப் புத்தகத்தில் இதற்குப் பெயர் 'உலகத் தரமான முழுமைச் சேவை'. அட்டையில் ஒரு வெள்ளைக்காரி நுண்ணோக்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். நுண்ணோக்கிக்குள் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உள்ளே, சீவும் அறையில், நான் வியர்த்துக்கொண்டிருப்பேன். மின்விசிறி போடக் கூடாது, சீவல் பறந்துவிடும். தும்மக் கூடாது. பெருமூச்சுகூட விடக் கூடாது. உலகத் தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கத்தியிலிருந்து மெழுகு நாடாவாக இறங்கி வருமே, அதைத் தூரிகை நுனியில் ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் விட்டதும் சுருக்கமெல்லாம் தானாக நீங்கி, நீரின்மேல் அது மல்லாந்து படுக்குமே, அந்த ஒரு நொடிக்காகத்தான் பதினொரு வருஷமும். மனிதர்கள் யாரும் என் கண்முன் அப்படி நிம்மதியாகப் படுத்ததில்லை. அதன்கீழ் கண்ணாடித் துண்டைச் சாய்த்து நுழைத்து மெல்லத் தூக்கினால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்தத் தொட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு கட்டியை முடித்து அடுத்த கட்டியை எடுக்குமுன் மெல்லிய காகிதத்தை நீரின்மேல் விரித்து இழுத்துவிட வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு பந்தி எழுந்ததும் மேசையைத் துடைப்பதுபோல. துடைக்காவிட்டால் முன்னால் சீவிய துணுக்கு ஏதாவது மிதந்துகொண்டிருக்கும். அடுத்தவன் கண்ணாடியில் போய் ஏறிக்கொள்ளும். ஈரலுக்குள் குடல் முளைக்கும். இதை நான் புதிதாக வருபவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன். கண்டிப்பாக, குரலை உயர்த்தி.

முதலாளி புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய தமிழ் பாதி வழியில் இந்திக்கு இறங்கும், கோபம் வந்தால் மராத்தி, வாடிக்கையாளர் வந்தால் ஆங்கிலம். என்னை 'டெய்லர் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். வெட்டுகிறவன் என்பதால். ஒருநாள் கோட்டு போட்ட நான்கு பேரை அழைத்துக்கொண்டு சீவும் அறைக்குள் வந்தார். செருப்புகளுக்கு நீல பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள்; நடந்தபோது பாலித்தீன் பை நடப்பதுபோல் சத்தம்.

"மாஸ்டர், நல்ல தோல் பிளாக் ஏதாவது எடுங்க பாய். முடியெல்லாம் வரிசையா தெரியுமே, அது. பார்க்க மஸ்தா இருக்கும்."

எடுத்தேன். அடிபடாத எலித்தோல். நாடா இறங்கியது, நீரில் விரிந்தது, நால்வரும் "ஆகா" என்றார்கள். ஒருவர் கைபேசியை நீட்டி, இன்னொரு முறை, இன்னொரு முறை என்றார். எனக்கும் பிடித்திருந்தது. கழுத்தை நிமிர்த்தி, தூரிகையை நாட்டியக்காரி விரல்போல் பிடித்துக்கொண்டேன். "இப்ப வேற பிளாக்" என்றார் முதலாளி. தட்டில் அடுத்து இருந்ததை எடுத்து வைத்தேன். கைபேசி இன்னும் என்மேல்தான் இருந்தது. காகிதத்தை எடுத்து நடுவில் துடைத்துக்கொண்டிருந்தால் படத்தில் நன்றாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஆமாம், எனக்குத்தான் தோன்றியது.

அந்த அடுத்த கட்டி ஒரு பெண்ணுடையது. ஔந்தில் பெற்றோருடன் இருந்தாள். ஆராய்ச்சிப் படிப்பின் கடைசி வருஷம். காயத்தின்மேல் பூசும் ஒரு பசையைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. ஆறிய தழும்பில் முடி முளைக்காது, எலிக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். அவளுடைய பசை தடவிய தழும்பில் முளைத்தால் அது அதிசயம்.

முளைத்தது. திரையில் படம் பார்த்தே அறிக்கை எழுதுகிற டாக்டர் ஒருவர் எங்களிடம் உண்டு, வீட்டிலிருந்தே எழுதுவார். 'தழும்பின் நடுவே புதிய மயிர்க்கால்' என்று எழுதினார். அவளுடைய கைட், அதாவது வழிகாட்டிப் பேராசிரியர், அந்த ஒரு முடியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முதலாளி அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறை சோபாவுக்கு மேலே மாட்டினார். ஊதாவும் ரோஜாவுமாக என் சீவல். எத்தனை பெரிய மனிதர்கள் அதன்கீழ் உட்கார்ந்து டீ குடித்தார்கள்! எத்தனை பேர் தலையாட்டினார்கள்! நானும் தினமும் அதைக் கடக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன், பள்ளியில் பரிசு வாங்கிய பையனின் அப்பாவைப்போல.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், குடை சொட்டச் சொட்ட அதன் எதிரே நின்றேன். வேறு வேலை இல்லாததால் முழுதாகப் பார்த்தேன். முடியின் வேர், அந்தப் பருத்த குமிழ், மேலே இருந்தது. நுனி கீழே. தோலின் மேற்பரப்பை நோக்கி வேர், உடம்புக்குள் நோக்கி முடி.

சட்டத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்த்தேன். முடி நேரானது, தோல் தலைகீழானது. டாக்டரும் கைட்டும் கோட்டுக்காரர்களும் ஒரு எலி உள்முகமாக முடி வளர்ப்பதைப் பார்த்து மெய்சிலிர்த்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தக் கைபேசி ஞாபகம் வந்தது. சிரிப்பு போய்விட்டது.

மறுநாள் அந்தக் கட்டியைத் தேடி எடுத்து, ஆழமாக ஆழமாகப் பன்னிரண்டு சீவல் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தொட்டியைத் துடைத்தேன், இப்போது பார்க்கத்தான் யாரும் இல்லை. பன்னிரண்டிலும் வெறும் தழும்பு. வழவழவென்று, மொட்டையாக, நேர்மையாக.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சுவரில் இருந்த படத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு முடி பாய்! ஒரே ஒரு முடி! அது எந்தப் பக்கம் வளருதுன்னு எவன் பாக்கப்போறான்?"

"அந்தப் பொண்ணோட படிப்பு சார் இது. நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சா..."

"கண்டுபிடிக்கறவன் கண்டுபிடிக்கட்டும். நீங்க டெய்லரா, போலீஸா?"

அந்த வாரமே அவள் பேடா டப்பாவோடு வந்தாள். அவளுடைய கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. திங்கட்கிழமை தேர்வுக் குழுவின் முன் பேச வேண்டும், அது முடிந்தால் பட்டம். முதலாளி இரண்டு பேடா எடுத்துக்கொண்டார். "நம்ம ஸ்டார்!" என்றார். அவள் அங்கிருந்து நேராகச் சீவும் அறைக்கு வந்து டப்பாவை நீட்டினாள்.

"அங்கிள், நீங்கதான் ஃபர்ஸ்ட் எடுத்திருக்கணும். உங்க ஹாத்... உங்க கை ராசி."

வீட்டில் பேசிப் பேசித் தேய்ந்த தமிழ். எழுத்து தெரியாது அவளுக்கு. பேடாவை எடுக்காமல், முடி இருந்த அந்தப் பழைய கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்து, உட்காரச் சொன்னேன்.

"இந்தத் திருகை மெதுவா திருப்பிப் பாரும்மா. தழும்பு தெளிவாத் தெரியறப்போ முடி எப்படி இருக்கு?"

"ப்ளர்ரா இருக்கு."

"முடி தெளிவா தெரியறப்போ?"

அவள் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். இரண்டும் ஒரே தளத்தில் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுப்போட்டதுபோல் கிடந்தன. அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கெட்டிக்காரி. இத்தனை நாள் அவளும் திரையில்தான் பார்த்திருந்தாள்.

"உல்ட்டாவா வேற இருக்கு" என்றாள், கண்ணை எடுக்காமலே.

பன்னிரண்டு கண்ணாடிகளையும் வரிசையாக வைத்தேன். பன்னிரண்டையும் பார்த்தாள். கோட்டுக்காரர்கள், கைபேசி, துடைக்காத தொட்டி, எல்லாம் சொன்னேன். பேடா டப்பாவின் மூடியை அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலாளி கதவில் வந்து நின்றார். அவருக்கு முகங்களைப் படிக்கத் தெரியும். திசுவைத்தான் தெரியாது.

"பேட்டா, டென்ஷன் ஆகாதே. திங்கட்கிழமை பேசிட்டு வா. அப்புறம் மெதுவா பாத்துக்கலாம். ஒரு சின்ன முடி, அதை யாரு பாக்கப்போறா?"

"நான் பாத்துட்டேன் சார்" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு எழுதிக் குடுங்க அங்கிள். நான் சொன்னா கைட் நம்ப மாட்டார். பயந்துட்டேன்னு சொல்லுவார். கட் பண்ணது நீங்கதானே? நீங்க எழுதுங்க."

"எழுதினா உன் திங்கட்கிழமை போயிடும்மா. இன்னொரு வருஷம் ஆகும். எலியிலேருந்து ஆரம்பிக்கணும்."

"தெரியும்."

கம்பெனியின் பெயரும் உலகத் தரமும் தலையில் அச்சிட்ட தாளில்தான் எழுதினேன். வேறு தாள் அங்கே இல்லை. ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில். இந்த முடி இந்தத் திசுவைச் சேர்ந்ததல்ல, முந்தைய கட்டியிலிருந்து மிதந்து வந்தது, நீர் துடைக்கப்படவில்லை. கடைசி வரியை அடித்துவிட்டு, நான் துடைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. மராத்திக்குக்கூடப் போகவில்லை, சுத்தமான தமிழில் பேசினார், அதுவரை அவரிடம் நான் கேட்டிராத தமிழ்.

"நாளையிலிருந்து நீங்க ஓய்வு எடுத்துக்குங்க, மாஸ்டர்."

"அந்தப் படம் சார்?"

"அது இருக்கட்டும். கலர் நல்லா இருக்கு. கீழ எழுதியிருக்கறதை வேணும்னா மாத்திக்கலாம்."

என் தூரிகையையும் டீ டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தூறல். வாசலில் அவள் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள், உறை பைக்குள். பேடா டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

எனக்குள் அப்போது ஒரு அற்ப எதிர்பார்ப்பு இருந்தது. வேலையை விட்டுக்கொடுத்து உண்மையை எழுதியவன் அல்லவா? அவள் நன்றி சொல்வாள், கண் கலங்கினாலும் கலங்குவாள். 'பரவாயில்லம்மா' என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். எந்தக் குரலில் சொல்வது என்பதுகூட முடிவாகியிருந்தது. கைபேசியின் முன் தூரிகை பிடித்த அதே ஆள்தான்.

"மழை வலுக்கறதுக்குள்ள ஔந்த் போயிடும்மா" என்றேன்.

வண்டியைக் கிளப்பினாள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாய் அதை மேலே தூக்கி, என் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், அன்னிக்கு அந்தத் தண்ணிய துடைச்சிருக்கலாம்ல?"