மூச்சு விட்ட நீலப் பை

எனக்கு எட்டு வயதானபோது இதயத்தில் ஓட்டை இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். சின்னத் தையல்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். சட்டைக்குப் பித்தான் தைப்பது போலிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கொல்கத்தாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நிம்மதியாகப் படுத்திருந்தேன்.

என்னைக் குழப்பியது வேறொன்று. எங்கள் வார்டின் நடுவே, கூரையிலிருந்து ஒரு நீலத் துணிப் பை தொங்கியது. அதற்குள் ஓர் ஆட்டோவையே நிறுத்தலாம். அடியிலிருந்த மின்விசிறி விட்டுவிட்டுச் சுழல, பை மெல்ல உப்பும், மெல்லத் தளரும். கண் கிடையாது, வால் கிடையாது. பக்கத்துக் கட்டில் பையன் அதைத் திமிங்கிலம் என்றான். நான் பூரி என்றேன்.

அதைச் செய்த தீதி, அதாவது அக்கா, ஒருநாள் வந்தாள். இது என்ன என்று வங்காளியில் கேட்டேன். உனக்கு என்ன தோன்றுகிறது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். தான் செய்தது என்னவென்று தெரியாத பெரியவர்களும் இருப்பார்கள் என்பது எனக்குப் புதிது.

அப்பாவைக் கேட்டேன். "ஆர்ட்டாம். கொசுவலை கட்டியிருந்தாலாவது உபயோகம்" என்றார். அம்மாவோ பகலெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை தளரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள், உப்பிய பிறகுதான் விடுவாள். ஏதோ விளையாட்டு என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலை என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். தரை துடைக்க வந்த மாஷி, போனுக்குச் சார்ஜ் போடுவதற்காக மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கினாள். பை தளர்ந்தது. மறுபடி உப்பவில்லை. சுருங்கித் தொங்கியது.

அப்பா கொல்கத்தாவிலேயே பிறந்தவர், வீட்டில்கூடப் பாதி வங்காளிதான் பேசுவார். அன்று அவர் வாயில் தமிழ்தான் வந்தது.

"போடுங்க. மொதல்ல அதைப் போடுங்க."

மாஷிக்குப் புரியவில்லை. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு மண்டியிட்டு, கட்டிலுக்கடியில் நுழைந்து, தானே பிளக்கைச் செருகப் பார்த்தார். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறைதான் அது பொருந்தியது. பிறகு எழுந்து வந்து ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நேரமாகிறது என்று நர்ஸ் சொல்லியும், பை முழுதாக உப்பும்வரை கையை எடுக்கவில்லை.

ஒருவழியாக அப்பாவுக்கும் அது பிடித்துவிட்டது என்று எண்ணியபடியே உள்ளே போனேன். பிடித்துப்போனதற்கு எதற்காக அழ வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.