ஐவரியும் சந்தனமும்

சிமெண்ட் தூசி படிந்தால் எங்கள் ரெட்டிபாளையத்தில் எல்லாச் சுவரும் ஒரே நிறம்தான். அது தெரிந்தும், புது வீட்டுக் கூடத்துக்கு ஐவரி அடிப்பதா, வெளிர் சந்தனம் அடிப்பதா என்று அம்மா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் இரண்டையும் சுவரில் ஒட்டினாற்போல் அடித்துக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அப்பா, லோடு ஏற்றக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, எது நல்லாருக்கு?”

“ரெண்டும் ஒண்ணுதான். எதையாவது அடிக்கச் சொல்லு.”

வீட்டு விஷயம் எதிலும் அக்கறை இல்லை என்று அம்மா ஆரம்பித்தாள். அவளை அடக்குவதற்காக அப்பா, “சரி, இந்தச் சந்தனமே இருக்கட்டும்” என்று கை வைத்தார். கை வைத்த இடம் ஐவரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் எனக்கே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

அம்மா சிரிக்கவில்லை. சண்டையும் பாதியில் நின்றுபோனது.

“ரெண்டும் எங்க சேருதுன்னு காட்டுங்க.”

அப்பாவின் விரல் சுவரில் மெதுவாக ஊர்ந்தது. இரண்டு நிறமும் சேரும் இடத்தைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது.

அம்மா ஆணியில் தொங்கிய லாரிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“குடுடி. லோடு நிக்குது.”

“எத்தினி நாளா இப்புடி?”

அப்பா கையை நீட்டியபடியே நின்றார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் பயந்தேன்.

“பள்ளிக்கூடம் விடுற நேரத்துலதான அந்த ரோட்டுல போறீங்க? எந்தப் புள்ள மேலயாச்சும் ஏத்திட்டா?” சொல்லும்போதே அம்மா அழுதுவிட்டாள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பெயிண்டுக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் பெரம்பலூரில் கண் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டோம். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் வந்து நின்றதும் அப்பா வழக்கம்போல என் தோளைத் தொட்டார்.

“பாப்பா, போர்டைப் படி பாப்போம்.”

அப்பாவோடு எங்கே போனாலும் எனக்கு இந்தப் பரீட்சை உண்டு. “பெரம்பலூர்!” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். “கெட்டிக்காரி” என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் நன்றாகப் படிப்பது அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை என்று, அன்று முழுக்க அவளோடு நான் பேசவே இல்லை.