எழுபத்தைந்து டாலருக்கு ஒரு சாவு

அமெரிக்காவின் டொலீடோ நகரத்துக் கார் தொழிற்சாலையில் பெர்னடீன் கோஸ்மாலாவைப் பற்றிக் கேட்டால், எல்லாரும் அவள் வைக்கும் சூப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். பதினெட்டு வருடமாக அந்தக் கேன்டீனில் கரண்டி பிடிக்கிறவள். அரை மணி நேர இடைவேளையில் முன்னூறு பேருக்குத் தட்டு நிரப்பி அனுப்பிவிடுவாள். அவளுக்குப் பேய்ப்படம் எடுக்கும் கிறுக்கு உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதிப் பேர் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் அதே கேன்டீனில் கல்லாவில் உட்கார்ந்திருந்த அவளுடைய அக்கா ஐரீன்.

பெர்னி ஏற்கெனவே இரண்டு தடவை இணையத்தில் பணம் திரட்டிப் பார்த்துத் தோற்றிருந்தாள். அந்த வழியில் ஒரு பொல்லாத விதி உண்டு. குறித்த நாளுக்குள் இலக்கைத் தொட்டால்தான் பணம் கைக்கு வரும், இல்லாவிட்டால் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும். அப்படியே கொடுத்தவர்களும் யார்? இவளைப் போலவே படம் எடுக்கத் தவித்துக்கொண்டிருந்த மற்றவர்கள்தான். இந்த மாதம் அவர்கள் இவளுக்கு இருபது டாலர் போடுவார்கள், அடுத்த மாதம் இவள் அவர்களுக்கு இருபது டாலர் போடுவாள். ஒரே இருபது டாலர்தான் தேசம் முழுக்கச் சுற்றி வந்தது போலிருக்கிறது.

மூன்றாவது தடவை எட்டாயிரம் டாலர் இலக்கு வைத்தாள். ஏரிக்கரையில் ஒரு மரவீடு, நான்கு நண்பர்கள், ஒரு கோடாலி, அவ்வளவுதான் கதை. கொடுப்பவர்களுக்கு இந்த முறை புதிதாக ஒரு பரிசும் அறிவித்தாள்: எழுபத்தைந்து டாலர் கொடுங்கள், படத்தில் உங்களைச் சாகடிக்கிறேன். பக்கத்திலேயே 'எத்தனை பேருக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான்கு என்று போட்டிருக்க வேண்டும். அவசரத்தில் காலியாக விட்டுவிட்டாள். காலியாக விட்டால் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அர்த்தம்.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது கணக்கு மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அன்று பேய்ப்பட ரசிகர் கூட்டம் ஒன்று அவளுடைய பக்கத்தை எடுத்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டது. மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் காரில் உட்கார்ந்தபடி போனைத் திறந்தவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கார்க்காரர் பதறி இறங்கிவிட்டார். கேமரா பிடிக்க ஒப்புக்கொண்டிருந்த டெஸ்மண்டை உடனே கூப்பிட்டாள். அவர் பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடுப்பவர்.

“டெஸ்மண்ட்! எட்டாயிரம் தாண்டிடுச்சு! எழுபத்தோரு பேர் சாகறதுக்குப் பணம் கட்டியிருக்காங்க!”

“எத்தனை பேரு?”

“எழுபத்தொண்ணு!”

“பெர்னி, நம்ம கதையில நாலு பேர்தானே?”

அப்போதுதான் அவளுக்கு அந்தக் காலிக் கட்டம் ஞாபகத்துக்கு வந்தது. மிச்சப் பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் டெஸ்மண்ட். கொடுத்தால் கணக்கு இலக்குக்குக் கீழே போய்விடும், அதோடு படமும் போய்விடும். காலை முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயத்தைக் கேட்ட ஐரீனுக்கோ கொண்டாட்டம்.

“அந்தச் சின்ன வீட்டுக்குள்ள எழுபத்தோரு பேரா? மூச்சு முட்டியே செத்துடுவாங்களேடி, கோடாலி எதுக்கு?”

மதியம் சங்கு ஊதியது. பெர்னி கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே தட்டேந்திய வரிசை கதவு வரைக்கும் நின்றது. அரை மணி நேரம், முன்னூறு பேர், ஒவ்வொருவருடைய முகமும் அவள் முன்னால் ஒரு கணம் நின்று நகர்கிறது. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டுக் கத்தினாள்.

“கோடாலி வேணாம்! சூப்புலயே கொன்னுடலாம்!”

வரிசையில் முதலில் நின்றவன் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

கதை தலைகீழாக மாறியது. ஒரு கேன்டீன் சமையல்காரி, விஷம் கலந்த தக்காளி சூப், நகரும் வரிசை. கேமரா ஒரே இடத்தில் நிற்கும். தட்டோடு வருகிறவர் சூப் வாங்கி, மூன்று அடி நடந்து, ஒரு வாய் குடித்து, தன் இஷ்டப்படி சாகலாம். மாதா கோயில் விருந்துக் கூடத்தை ஒரு சனிக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்தார்கள். எழுபத்தொரு பேரும் வந்துவிட்டார்கள், ஒருவர்கூட மட்டம் போடவில்லை! ஆர்லன் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பகல் முழுக்கக் காரோட்டி வந்திருந்தார். மூன்று வாரமாக வீட்டில் விழுந்து பழகியதாகச் சொல்லி முட்டியில் இருந்த காயத்தைப் பெருமையாகக் காட்டினார். ஒரு நர்ஸ் அத்தனை உண்மையாகச் செத்ததில் டெஸ்மண்ட் கேமராவை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினார். வந்தவர்கள் எல்லாரும் சாகப் பணம் கட்டியவர்கள், கொல்வதற்குத்தான் ஆள் இல்லை. ஆகவே சமையல்காரி வேஷத்தைப் பெர்னியே போட்டாள். செத்து முடித்தவர்கள் பின்கட்டில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டையைக் காலி செய்தார்கள். நாலு மணிக்கெல்லாம் எழுபத்தொன்றும் முடிந்துவிட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

படத்தைத் தொகுத்து முடித்ததும் ஒரு விநியோக நிறுவனத்திலிருந்து போன் வந்தது.

“படம் அசத்தல் மேடம். எல்லாப் பெரிய இணையதளத்துலயும் போட்டுடலாம். ஆனா எழுபத்தோரு சாவு ரொம்ப ஜாஸ்தி. பன்னெண்டு வெச்சுக்கிட்டு மீதியை வெட்டிடுங்க.”

எத்தனை வருடம் ஏங்கிய அழைப்பு! ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அன்று சாயங்காலம் ஆர்லனிடமிருந்து கடிதம் வந்தது. தன்னுடைய சாவைப் பார்க்க ஊர் நூலகத்தில் நாற்காலி போட ஏற்பாடு செய்துவிட்டதாகவும், தேதி மட்டும் சொன்னால் போதும் என்றும் எழுதியிருந்தார். மறுநாள் கேன்டீன் குளிர்பெட்டிப் பக்கத்தில் நின்று, அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டாள்.

“உனக்கென்ன பைத்தியமாடி? வாசல் தேடி வந்தவனை விரட்டிட்டியே!” என்றாள் ஐரீன்.

“மீதி அம்பத்தொம்பது பேர்கிட்ட நான் என்னக்கா சொல்றது? நீங்க சரியா சாகலைன்னா?”

எடுத்தவர்களே நேரடியாகப் படம் காட்டிக் கட்டணம் வாங்கும் தளங்கள் உண்டு. அப்படி ஒன்றில் மூன்று டாலர் வாடகை வைத்து, ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணி என்று அறிவித்தாள். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பார்க்க வந்திருந்தவர்கள் பதினொரு பேர். ஐரீன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“பதினொண்ணு. அதுல நீ ஒண்ணு, நான் ஒண்ணு.”

மூன்று அடித்தது. பதினொன்று இருநூறாகி, இருநூறு அறுநூறாகி, ஏறிக்கொண்டே போனது. செத்த ஒவ்வொருவரும் தங்கள் குடும்பம், தெரு, அலுவலகம் என்று திரட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் வரிகள் பாய்ந்தன: அது என் அம்மா! என் மாப்பிள்ளை விழுந்த அழகைப் பாருங்கள்! ஆர்லன் விழுந்தபோது நூலகத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியதாக அங்கிருந்து யாரோ எழுதினார்கள். பெர்னி குதித்தாள், அழுதாள், மறுபடி குதித்தாள். முடியும்போது பார்த்தவர்கள் கணக்கு ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியிருந்தது. ஐரீன் கட்டியிருந்த கையை எப்போதோ பிரித்திருந்தாள்.

திங்கட்கிழமை மதியம் சங்கு ஊதியது. வரிசையில் முதல் ஆளாக வால்ட் ஜெலின்ஸ்கி வந்தான். பாரவண்டி ஓட்டுகிறவன், பதினெட்டு வருடத்தில் உப்பு கேட்டதைத் தவிர அவளிடம் எதுவும் பேசாதவன். சூப்பை வாங்கினான். மூன்று அடி நடந்து ஒரு வாய் குடித்தான். தட்டைப் பத்திரமாகத் தரையில் வைத்தான். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு மரம்போல் சாய்ந்தான். அடுத்தவனும் சாய்ந்தான். அதற்கடுத்து ஒருத்தி, நீலச் சட்டையோடு சுழன்று சுழன்று விழுந்தாள். கேன்டீன் தரையில் கால் வைக்க இடமில்லாமல் போனது.

“காசு யாருடா குடுக்கறது?” ஐரீன் கல்லாவிலிருந்து எழுந்து கத்தினாள். “குடுத்துட்டுப் போய்ச் சாவுங்கடா!”

ஒரு பிணமும் அசையவில்லை. பெர்னி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கண்ணில் நீர் கொட்டியது. அவளுடைய படத்தை அவளைத் தினமும் பார்க்கிற ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள்! இதைவிட வேறென்ன வேண்டும் அவளுக்கு?

ஐரீன் கல்லாவைப் பூட்டினாள். விழுந்து கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, ஒரு தட்டை எடுத்துத் தங்கையின் முன்னால் நீட்டினாள்.

“ஊத்துடி,” என்றாள். “எந்தப் பக்கம் விழுந்தா முகம் நல்லாத் தெரியும்?”